ஆர்கனுக்கு அடியில் தரைவேலை

டைல் வேலையில் ஷேடு முக்கியம், இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரே கப்பலில் வந்த பெட்டிகள் ஒரே நிறமாக இருக்கும். அடுத்த கப்பலில் அதே எண் போட்டு வந்தாலும் நிறம் லேசாக மாறியிருக்கும்; தரையில் ஒட்டுப்போட்டதுபோலத் தெரியும். நீங்கள் கேட்பதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

சந்திரசேகர் சார் குடிநீர்க் குழாய் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் தன் வீட்டுக் கூடத்தில், பிவிசி குழாய்களாலேயே சுவர் உயரத்துக்கு ஆர்கன் என்ற இசைக்கருவியைக் கட்டியிருந்தார். காற்றுக்கு இரண்டு வாக்குவம் கிளீனர். அவருக்குத் தெய்வம் புரூக்னர் என்ற ஆஸ்திரிய இசையமைப்பாளர். நூறு வருஷத்துக்கும் முன்பு இறந்த அந்த மனிதர், தான் வாசித்த தேவாலய ஆர்கனுக்கு நேர்கீழே அடக்கமாகியிருக்கிறார்.

தனக்கும் அப்படியே வேண்டும் என்றார் சார். வாசிக்கிற பெஞ்சை நகர்த்திவிட்டு, ஆர்கனுக்கு அடியில் குழி வெட்டி, உட்புறம் பூசியும் கொடுத்தேன்.

அவர் மனைவி அமிர்தவல்லி அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்த ஆளு பூரா பாகல் ஆயிட்டாரு தம்பி, சுத்தப் பைத்தியம். நம்ம குடும்பத்துல யாரைப் புதைச்சிருக்கோம்? மூச்சு நின்ன அன்னைக்கே எரிச்சுடுவேன். குழிய மூடி டைல் போடு."

"நீ முந்திக்கிட்டா என்ன பண்ணுவ?" என்றார் சார்.

"பேயா வந்து எரிப்பேன்."

அக்கா ஹேவ்லாக் தீவில் மகள் வீட்டுக்குப் போனார். திரும்புவதற்குள் தரை முடிந்திருக்க வேண்டும். சார் என்னைத் தனியே கூப்பிட்டார். "இப்ப மூடிடு. என் காலத்துக்கப்புறம் நீ வந்து உடைச்சு, என்னை உள்ள வச்சிடுப்பா," என்றார். கண் கலங்கியிருந்தது.

அக்கா உடைக்க விடமாட்டார். விட்டாலும் அதே ஷேடு கிடைக்காது. சாருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. அதுதான் சிக்கல்.

"அளவு சரியான்னு ஒரு தடவ படுத்துப் பாருங்க சார்," என்றேன்.

சந்தோஷமாக இறங்கினார். "தோள் இடிக்குதேப்பா."

"போகப்போகச் சரியாயிடும் சார்."

குழியை மூட வைத்திருந்த கான்கிரீட் ஸ்லாபுகளைக் கால்பக்கத்திலிருந்து மூடிக்கொண்டு வந்தேன். நெஞ்சுக்கு வந்தபோது, "போதும்ப்பா, பாத்தாச்சு," என்றார். வேலையைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கு இல்லை.

கலவை பரப்பி, டைல் பதித்து, மட்டம் பார்த்தேன். கொஞ்ச நேரம் கீழிருந்து தட்டும் சத்தம் வந்தது. பதித்தபின், அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் அதை மேலிருந்து செய்வோம். காது கொடுத்துக் கேட்டேன். சீரான தாளம். மனிதர் திருப்தியாகத்தான் இருந்தார்.