லிட்டருக்கு இருபத்தேழு

வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டீர்கள். பழைய கார் வாங்க வருகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். பதின்மூன்றரை. ஏ.சி. போட்டுக்கொண்டு, இந்த எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போனால் பதின்மூன்றரை. வெளியூர்ச் சாலையில் பெடலில் காலை அமைதியாக வைத்துக்கொண்டால் பதினெட்டு. விற்கிறவன் வாய் எண்ணாயிற்றே என்று நீங்கள் இதிலிருந்து ஒன்றிரண்டைக் கழிக்க வேண்டாம். இந்த வண்டியைப் பற்றி நான் முதல்முறையாக உண்மை சொல்கிறேன். தெருமுனையில் மஜீது டீக்கடையில் விசாரித்தால் இரண்டு மடங்கு சொல்வார்கள். அந்த எண்ணையும் நான்தான் அவர்களுக்குக் கொடுத்தேன். அந்தக் கதையையும் கேட்டுவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். உட்காருங்கள்.

என் பெயர் லோகநாதன். துறைமுகத்து இழுவைப் படகில், எஞ்சின் அறையில் முப்பத்தோரு வருடம் வேலை. என் வாயில் எந்த எண்ணும் உள்ளே போன அளவில் வெளியே வராது, கொஞ்சம் சதை போட்டுக்கொண்டுதான் வரும். ஒரு புயலில் அலை எங்கள் படகை அப்படியே தூக்கி, ராயபுரம் ஸ்டேஷன் கூரையை எனக்குக் காட்டிவிட்டு, மெதுவாக இறக்கி வைத்தது என்று சொல்லியிருக்கிறேன். எஞ்சின் அறைக்கு ஜன்னலே கிடையாது. யாரும் அதைக் கேட்கவில்லை. டீ ஆறுகிற நேரத்தில் நாலு பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டால் அதைவிட ஒரு ஓய்வூதியக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

இந்தக் கார் என் மகள் கார்குழலி வாங்கியது. இரண்டாயிரத்து எட்டு கடைசியில் மாப்பிள்ளைக்கு அமெரிக்காவுக்கு மாற்றல் வந்தது. வண்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கிற வண்டியை இந்தப் பக்கத்தில் அப்போது யாரும் பார்த்ததில்லை. மஜீது சுற்றிச் சுற்றி வந்து, “கரண்டு எங்க நைனா குத்தணும்?” என்று கேட்டான். எங்கேயும் குத்த வேண்டாம், பிரேக் பிடித்தால் அதுவே கரண்ட் செய்துகொள்ளும் என்றேன். அதுவரை உண்மை. அப்புறம், நன்றாகப் பிரேக் பிடித்தால் டேங்கில் பெட்ரோலும் ஊறும் என்றேன்.

ஓட்டுகிற சுகத்தைப் பற்றி நான் மிகைப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. லாரி வரிசையில் நீங்கள் நிற்கும்போது எஞ்சின் தானாக அணைந்துவிடும். முப்பத்தோரு வருடம் சத்தத்துக்குள் குடியிருந்தவன் நான். அந்தச் சாலையில் நூறு முறை போயிருக்கிறேன். பக்கத்தில் கடல் இருப்பது இந்த வண்டியில் உட்கார்ந்தபோதுதான் காதில் விழுந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் ஒரு உதறலும் இல்லாமல் விழித்துக்கொள்ளும். பேட்டரி பின்னாலிருந்து உள்ளங்கையை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு தள்ளு தள்ளும். மனைவி போய் ஆறு வருடம் ஆன வீட்டிலிருந்து கிளம்பி அதில் ஏறி உட்கார்வேன். போக ஒரு இடமும் இருக்காது. எண்ணூர் வரை போய்த் திரும்புவேன்.

அருள்பிரகாசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பள்ளித் தோழன். மாநகரப் பேருந்தில் முப்பத்துநாலு வருடம் டிரைவர். டீசல் சிக்கனத்துக்காக டெப்போவில் மூன்று முறை பரிசு வாங்கியவன். காசிமேட்டு மீன் கூடைக்காரிகள் அவன் பேருந்துக்காக முன்னால் வருகிற இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு நிற்பார்கள். அவன் பிரேக் பிடித்தால் கூடைத் தண்ணீர் புடவையில் தெறிக்காது. பெடலை ஒரே அமுக்காக அமுக்க மாட்டான்; தொட்டுத் தொட்டு விடுவான், தூங்குகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி. ரிட்டையர் ஆன பிறகும் தெருவில் பெண்கள் அவனை “டிரைவரண்ணே” என்று நின்று கூப்பிடுவார்கள். என்னை யாரும் எஞ்சின்காரரே என்று கூப்பிட்டதில்லை. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. இருந்தது என்று சொல்கிறேன்.

அவனிடம் தொண்ணூற்றெட்டாம் வருடத்துச் சின்னக் கார் ஒன்று இருந்தது. பத்தொன்பது கொடுக்கும். அளப்பதில் அவனுக்கு ஒரு முறை உண்டு. ஒரே பங்க், ஒரே பம்பு, வண்டி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். டேங்க் நிரம்பியதும் வண்டியை இடுப்பால் இடித்து ஆட்டி, உள்ளே இருக்கிற காற்றை விரட்டிவிட்டு மறுபடி நிரப்பச் சொல்வான். ஒருமுறை அளந்தால் நம்ப மாட்டான். இரண்டாவது முறையும் அதே எண் வந்தால்தான் வாயைத் திறப்பான்.

என் வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று மஜீது கடையில் வைத்து அவன் கேட்டபோது இருபத்திரண்டு என்றேன். சாதாரணமாகத்தான் வாயில் வந்தது.

“இந்த ரோட்டுலயா? உதார் வுடாத லோகு.”

“உன் காலு பண்ற வேலைய இதுல கம்ப்யூட்டரு பண்ணுதுடா மாமே. காலு இனிமே தேவையில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் டீயை முடிக்காமல் எழுந்து போனான்.

பத்து நாள் கழித்து வந்து இருபத்தொன்று என்றான். டயரில் காற்றை ஏற்றியிருந்தான், ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டான், பின் சீட்டையும் கழற்றிவிட்டான். கண்ணில் இருபது வயது குறைந்திருந்தது. நான் இருபத்துநாலு என்றேன். அவன் நம்பவில்லை. அடுத்த நாள் நான் ஒரு வேலை செய்தேன். அவனைக் கூட்டி வருவதற்கு முன்னால் ரயில்வே மேம்பாலத்து உச்சியில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்குக்கு முன்னால் திரையில் இருக்கும் மைலேஜ் சராசரிக் கணக்கை அழித்துப் பூஜ்யமாக்கினேன். அங்கிருந்து இறக்கத்தில் சும்மா உருட்டிக்கொண்டு வந்து மஜீது கடை வாசலில் நின்றேன். திரை இருபத்தைந்து காட்டியது. அவன் குனிந்து அதை நெடுநேரம் பார்த்தான். மனிதன் சொன்னால் சந்தேகப்படுவான். மிஷின் சொன்னால் என்ன செய்வான்?

அதற்குப் பிறகு அவன் தினமும் மாலை என் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். கையில் ஒரு எண்ணோடு வருவான், நான் அதைவிடப் பெரிய எண்ணோடு காத்திருப்பேன். ஆறு வருடமாக அந்த வீட்டில் யாரும் எனக்காகக் கதவைத் தட்டியதில்லை.

லாரி வரிசையில் நிற்கும்போது அவன் எஞ்சினை அணைத்தான். வரிசை நகர்ந்தால் கீழே இறங்கி வண்டியைக் கையால் தள்ளினான். உள்ளே அவன் மனைவி சிலுவையம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பூசைக்குக் கட்டிய புடவையோடு, வேர்த்து உட்கார்ந்திருப்பாள். மஜீது கடையிலிருந்து கத்துவான்: “இன்னா டிரைவரே, பெட்ரோலு தீந்துபோச்சா?”

“தீரல. தீரக் கூடாதுன்னுதான் தள்ளிகினு போறேன்.”

அன்றைக்குக் கடையில் நாங்கள் சிரித்த சிரிப்பு தங்கசாலை வரை கேட்டிருக்கும்.

ஒருநாள் சிலுவையம்மாள் மட்டும் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“அண்ணே, ஒரே ஒரு பொய் சொல்லுங்கண்ணே. வண்டி சரியில்ல, பதிமூணு பதினாலுதான் குடுக்குதுன்னு அவராண்ட சொல்லிடுங்க. மனுசன் சரியா துன்ன மாட்டேன்றாரு, தூங்க மாட்டேன்றாரு. பேஜாரா கீது.”

அவள் கேட்ட எண் கிட்டத்தட்டச் சரியான எண். நான் கொஞ்சம் யோசித்தேன். “அவன் என் தோஸ்துமா. அவனாண்ட போய் நான் பொய் சொல்றதா?” என்றேன். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரம் அவன் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு அதே மேம்பாலத்துக்குப் போனான். உச்சியில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். கார் சத்தமில்லாமல் இறங்கியது.

“கேக்குதா? உன் வண்டில மிஷினு அணைக்குது, என் வண்டில நான் அணைக்கிறேன். இன்னா வித்தியாசம்?”

வித்தியாசம் எனக்குத் தெரியும். நான் எஞ்சின்காரன். என் வண்டி எஞ்சினை அணைத்தாலும் பிரேக்குக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. அவனுடைய காரில் பிரேக்குக்கு உதவி செய்வதே ஓடுகிற எஞ்சின்தான். அணைத்தால் இரண்டு மிதி, மூன்று மிதி. அதற்கப்புறம் பெடல் கல். அவன் ஓட்டிய பேருந்தில் காற்றுத் தொட்டி உண்டு, எஞ்சின் நின்றாலும் பத்துத் தடவை மிதிக்கலாம். அவன் கால் முப்பத்துநாலு வருடம் அந்தத் தொட்டியை நம்பிய கால். அவன் காரிலும் வழக்கம்போலத் தொட்டுத் தொட்டு விட்டான். கூடைக்காரிகளின் புடவையை நனையாமல் காத்த அந்த ஒவ்வொரு தொடலும் மிச்சமிருந்த உதவியைக் கரைத்துக்கொண்டே வந்தது. அடிவாரத்தில் ஒரு ஆட்டோ நின்றது. அவன் இரண்டு காலாலும் ஏறி மிதித்தான். ஆட்டோவுக்கு ஒரு முழம் பின்னால் நின்றோம்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “பிரேக்கு கெட்டியா கீதுடா லோகு. ரப்பரு பழசாயிருக்குமா?”

இப்போது நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும், ஏனென்றால் நான் செய்தது இதுதான். எஞ்சினை அணைக்காதே என்று சொல்ல எனக்கு இரண்டு சொல் போதும். சொன்னால் ஏன் என்பான். விளக்கினால், இனி அவன் அணைக்க மாட்டான். அணைக்காவிட்டால் இருபத்தொன்றில் நின்றுவிடுவான். நின்றுவிட்டால் மாலையில் வர மாட்டான். என் எண்ணையும் ஒருநாள் அளந்து பார்ப்பான். இத்தனையும் ஒரு நிமிஷத்தில் எனக்குள் ஓடியது. நிதானமாகத்தான் ஓடியது.

“ரப்பருதான்டா,” என்றேன். “மாத்திக்கோ, சரியாப் பூடும்.”

அவன் ரப்பரை மாற்றினான். மாற்றிவிட்டு வந்து இருபத்தாறு என்றான். நான் இருபத்தேழு என்றேன்.

இரண்டாயிரத்து ஒன்பது செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. மீஞ்சூர் போய்விட்டு, அளப்பதற்காகப் பங்க்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். மேம்பாலத்து அடிவாரத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று வரிசையில் நின்றிருந்தது. அது நிற்க வேண்டிய இடம்தான், தினமும் நிற்கிற இடம். இறக்கத்தில் கார் வந்த சத்தமே கேட்கவில்லை என்று லாரிக்காரன் சொன்னான்.

போலீஸ்காரர்கள் என்னிடமும் கேட்டார்கள். பிரேக்கில் கோளாறு இருந்தது, ரப்பர் தொல்லை, அவனே என்னிடம் சொன்னான் என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள். ரப்பர் மாற்றிக் கொடுத்த மெக்கானிக் பையனை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவன் வேலையில் தவறே இல்லை. அருள்பிரகாசத்தைக் கொன்றது நான். காரணம் கேட்டால், ஒரு எண்ணை இறக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை ராயபுரத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். பெட்டியைக் கூடத்தில் வைத்திருந்தார்கள். கூடைக்காரிகள் தெரு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். சிலுவையம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

“போன ஞாயித்துக்கெழம இருவத்தேழு புள்ளி நாலு வந்துச்சாம்ணே. இன்னொருக்கா அளந்துட்டு அப்பால லோகுவாண்ட சொல்றேன்னாரு. அதுக்குத்தான் இன்னிக்குப் போனாரு. சொல்லுங்கண்ணே. அவரு உங்க வண்டிய தாண்டிட்டாருதான?”

கூடத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தாண்டிவிட்டான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் முதல் நாளே தாண்டியவன். என்னிடம் வந்து காட்டிய எந்த எண்ணுக்கும் முன்னால், அந்தப் பத்தொன்பதிலேயே தாண்டியவன்.

“போன வாரம் நம்ம வண்டி இருவத்தெட்டு குடுத்துச்சிமா,” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். திரும்பிப் போய்ப் பெட்டியருகே மண்டியிட்டு, அவன் காதோரம் குனிந்து, மெதுவாக எதையோ சொன்னாள்.

அவளுக்கு வருத்தமாக இருந்திருக்கும். ஆனால் செத்துப்போனவனைப் பற்றி மிகையாகப் பேசுவது எனக்கு வழக்கமில்லை.