பல்செட்டுக்கு இரண்டு கோட்

ஈரக்காற்று அடிக்கும்போது பெயிண்ட் காய இரண்டு நாளாகும். பழவேற்காட்டில் இது குழந்தைக்கும் தெரியும். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி; எனக்கும் தெரியும். ஜமாஅத் பெரியவர்கள் கேட்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மாமு பஷீர் ஐம்பத்திரண்டு வயதில் நிக்காஹ் செய்துகொள்ள முடிவெடுத்தார். பெண் பொன்னேரி நூருன்னிசா. ஒரே இடைஞ்சல், பல்செட். மாட்டினால் ஈறில் சீழ் பிடிக்கும். நாலு வருடமாக, வலித்த நாளில் ஒரு டெட்ராசைக்ளின், வலி நின்றதும் மீதியை டப்பாவில் பத்திரப்படுத்துவது என்று தானே வைத்தியம் பார்த்துக்கொண்டவர். பொன்னேரி டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"உங்க வாயில கீற கிருமி அந்த மாத்திரையத் தின்னே வளந்துது பாய். இனிமே மருந்து கேக்காது."

மாமு என்னிடம் வந்தார். "இன்னாடா கௌஸு, காலேஜு படிக்கிறியே, எதுனா பண்ணுடா. பல்லு இல்லாம கபூல்னு சம்மதம் சொன்னா வெறும் காத்துதான் வரும்."

யோசித்தேன். கொல்ல முடியாத கிருமியை ஒட்டவிடாமல் செய்யலாம். படகின் அடியில் கல்மாதிரி ஒட்டி வளரும் கொட்டலசைத் தடுக்கச் சிவப்புத் தாமிரப் பெயிண்ட் அடிக்கிறோம். கொட்டலசே ஒட்டாத இடத்தில் கிருமி எம்மாத்திரம்? கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், மாமுவின் படகுக்கு வாங்கி வைத்திருந்த பெயிண்டில் பல்செட்டுக்கு உள்ளும் புறமும் இரண்டு கோட் அடித்தேன்.

பெயிண்ட் டப்பாவில் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கச் சொல்லியிருந்தது. மாமு குழந்தை அல்ல. பெயிண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துதான் வேலை செய்யும் என்றும் போட்டிருந்தது. ஏரிக்கு அது பாதகமில்லை. மாமுவின் வாய் ஏரியைவிடச் சற்றுச் சிறியது.

மறுநாள், சம்மதமா என்று நிக்காஹ் நடத்திய ஹஜரத் மூன்று முறை கேட்டார். மேல்செட்டும் கீழ்செட்டும் ஒட்டிக்கொண்டதால், கபூல் சொல்லவேண்டிய மாமு மூன்று முறையும் "ம்ம்" என்றார். கடைவாயில் சிவப்பாக ஒழுகியது.

பெண்ணின் அண்ணன் ரியாசுதீன் எழுந்துவிட்டார். "இன்னா பாய் இது? மாப்பிள்ள ஊமைனு ஒரு வார்த்த சொல்லவே இல்லியே? வாயில வேற ரத்தம்!"

கல்யாணம் நின்றது. பெண்வீட்டார் பிரியாணியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். செட்டைப் பிரித்தெடுக்க டாக்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எட்டு நாளாக மாமுவுக்குக் கஞ்சித்தண்ணீர்கூடச் சரியாக இறங்கவில்லை. ஆனால் ஈறில் சீழ் இல்லை. அதை ஒருவரும் பேசுவதில்லை.

மாமுவுக்குப் பிள்ளை கிடையாது, கல்யாணம் நடக்காவிட்டால் அவர் படகு எனக்குத்தான் வரும், அதற்காகவே செய்தேன் என்று அடுத்த வீட்டு லத்தீபா ஊரெல்லாம் சொல்கிறாராம். அபாண்டம். விஞ்ஞானத்துக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு வருத்தம் ஒன்றே ஒன்றுதான். பல்செட்டுக்கு அடித்துவிட்டதில், என் படகுக்குப் பெயிண்ட் போதவில்லை.