பூண்டு மேக்னட்

— தொடாதீங்க கவுஞ்சிக்காரரே, இன்னும் காயல! கை பட்டா பல்லு பல்லா உதுந்துரும்.

— தொடலங்க நதியா, பாக்கத்தான் குனிஞ்சேன். எங்க காட்டுல இப்பப் புடுங்குன பூண்டுன்னே நெனச்சிட்டேன். களிமண்ணுன்னா எங்கூர்ல ஒருத்தனும் நம்பமாட்டான்.

— பல்லு ஒண்ணொண்ணையும் தனித்தனியா உருட்டி ஒட்டுனது. இந்த மூட்டத்துல காயவே மாட்டேங்குது.

— தோலு மேல ஊதாக் கோடு வருமா?

— மொதல்ல சூளையில வெந்து வரட்டும். அப்பறம் மெல்லிசு பிரஷ்ஷால கோடு போட்டு, மினுக்கத்துக்கு கிளேஸ் பூசி, இன்னொரு வாட்டி வேக வைக்கணும்.

— காந்தம்?

— அது கடைசில. முன்னாடியே ஒட்டிச் சூளைல வச்சா, சூட்டுல சத்துப் போயிரும்.

— இம்புட்டுச் சோலியா! நான் காடு பூராவும் பூண்டு போட்டு எடுத்துருவேன், இதுல ஒரு பல்லு எனக்கு வராது. கையாங்க இது!

— போதும், போதும். போன மாசம் ஜீப்பு, அதுக்கு முன்னாடி காட்டெருமை, அதுக்கும் முன்னாடி கேரட்டு. அம்புட்டையும் ஒட்ட உங்க வீட்டு பிரிட்ஜ்ல எடம் இருக்கா?

— பெரிய பிரிட்ஜுங்க. டபுள் டோரு.

— எந்தக் கம்பெனி?

— கம்பெனியா... நல்ல கம்பெனிதான்.

— சரி. பூண்டு கைக்கு வர நாளாகும். ஞாயித்துக்கெழம கடை லீவு வேற.

— சீசன் நேரத்துல லீவா? ஏங்க?

— என்னப் பொண்ணு பாக்க வர்றாங்க.

— எந்தூருங்க?

— உங்க பக்கந்தான், மேல்மல. பூண்டு வெவசாயம்.

— உங்களுக்குச் சம்மதமா?

— ஆளு நல்ல மாதிரி. என் வேலைய மதிக்கிறாரு.

— மதிக்கிறாராக்கும்! அந்த ஜீப்புக்குப் பின்னால ஸ்டெப்னி மாட்டி, கடுகாட்டம் நட்டு போல்ட்டும் வச்சீங்களே, அத அவன் பாத்துருக்கானா? கேரட்டுல ஒட்டுன மண்ணக்கூட விடாம வச்சிருந்தீங்க. நான் வெள்ளனே எந்திரிச்சு அதுக மூஞ்சிலதாங்க முழிக்கிறேன்.

— பிரிட்ஜ் கதவுலயா?

— இல்லங்க, பீரோல. எங்க வீட்ல பிரிட்ஜே கெடையாது. அந்தக் குளுருக்கு எவன் வாங்குவான்? வேற என்னத்தச் சொல்லிட்டு உங்க செண்பகனூர்க் கடைக்கு வர்றது? ஒவ்வொரு தடவையும் மனசுல இருக்கதச் சொல்லிரணும்னுதான் ஜீப்ப நிறுத்துவேன். நீங்க களிமண்ணப் பெசையுறதப் பாத்தா வந்த சோலியே மறந்துரும், ஆர்டரக் குடுத்துட்டுத் திரும்பிருவேன். எனக்கு உங்களப் புடிச்சிருக்கு நதியா. ஞாயித்துக்கெழம வர்றவங்கள வேணாம்னு சொல்லிருங்க.

— அதெப்படிச் சொல்றது? உங்க பீரோவப் பாத்துட்டு, இதெல்லாம் செஞ்ச புள்ள யாருன்னு விசாரிச்சு, மகனுக்குத் தெரிய வேணாம்னு எங்கம்மாகிட்ட பேசி, அன்னைக்கு வர்றேன்னு சொன்னதே உங்க அம்மாதான்.