இரசவாதம் அறிவியல் அல்ல என்று நான் நிரூபித்த விதம்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லுங்கள், மேடம். எனக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும். மற்றபடி இந்த ஸ்டேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் வேதியியல் ஆசிரியன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதும், பதிலுக்குக் காரணம் சொல்வதும் எனக்குப் பழக்கம்தான்.

புகார் கொடுத்திருப்பவள் என் சொந்த அக்கா துர்கா. அவள் கணவர் பரணிதரன். நான் அவரைப் பாவா என்று கூப்பிடுவேன். ஆர்.கே.பேட்டைப் பக்கம் மாந்தோப்பும் கரும்பும் வைத்திருக்கிற குடும்பம். வீடு மட்டும் திருத்தணியில். பாவா நல்ல மனிதர். பாதரசத்தைத் தங்கமாக்க முடியும் என்று நம்புகிறவர். அதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்குச் சீட்டு, சிலருக்கு அரசியல், அவருக்கு இரசவாதம்.

போன தை மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் ‘இரசவாதம் அறிவியலா?’ என்று ஒரு விவாதம் வைத்தார்கள். அல்ல என்று நான் பேசினேன். எது நடந்தால் நம் கொள்கை பொய் என்று ஒப்புக்கொள்வோம் என முன்கூட்டியே சொல்வதுதான் அறிவியல், இரசவாதி ஒருநாளும் அதைச் சொன்னதில்லை என்று விளக்கினேன். நல்ல உரை. நீங்கள் கேட்டிருந்தால் ஒப்புக்கொள்வீர்கள்.

பிறகு பாவா எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார்.

“மச்சான் சொல்றது எல்லாம் சரிங்க. ஆனா இவுங்க கெமிஸ்ட்ரி எங்கேர்ந்து வந்துச்சு? பாதரசத்த காய்ச்சனதும், கந்தகத்த பொடிச்சதும், வாலைப் பானையில வடிச்சதும் ரசவாதி. பெத்து வளத்து ஆளாக்கனப்பறம், இவ எங்கம்மாவே இல்லன்னு சொல்லிகினு திரியுது இந்தப் புள்ள.”

எல்லாரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். என் மனைவியும் தட்டினாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுவதும் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாலும், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விவாதத்தில் தோற்றதைச் சோதனையில் சரிசெய்வதுதான் முறை. “செய்து காட்டுங்க பாவா, நான் கூட நிற்கிறேன்” என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். தோட்டத்துக் கொட்டகையில் தட்டார்கள் வைப்பதுபோல் ஒரு கரி உலை போட்டார். காற்றடிக்க மின்சார ப்ளோயர். குகை என்று அவர்கள் சொல்கிற உருக்கும் மண் கிண்ணத்துக்குள் பாதரசம், கந்தகம், ஏதோ மூலிகைச் சாறு. அந்த ஆவி நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன். எனக்கு ஒரு முகமூடியும் வாங்கிக்கொண்டேன். பாவாவுக்குத் தாடி இருக்கிறது. முகமூடி சரியாகப் பொருந்தாது.

ஒன்றும் வரவில்லை. பாதரசம் ஆவியாகிப் போகும், கந்தகம் எரிந்து போகும், குகையின் அடியில் கொஞ்சம் சாம்பல் நிற்கும். நான் எதிர்பார்த்தது அதுதான். நான் எதிர்பார்க்காதது பாவாவின் முகம். அதில் ஒரு சின்ன வாட்டம்கூட இல்லை.

“மூலிகை முத்திப்போச்சு மச்சான்” என்றார். அடுத்த முறை, “நடுவுல கரண்ட் போச்சே, பாத்தியா?” என்றார். அதற்கடுத்த முறை பக்கத்து வீட்டு நாய் குரைத்ததைக் காரணமாகச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது, மேடம். தோல்வியால் இரசவாதத்தைப் பொய்யாக்க முடியாது. எத்தனை முறை தோற்றாலும் அந்தத் தோல்வியையும் சாப்பிட்டுவிட்டு அது எழுந்து போய்விடும். வெற்றியால்தான் அதைப் பொய்யாக்க முடியும். ஒருமுறை தங்கம் வர வேண்டும். பாவா ஊரெல்லாம் சொல்ல வேண்டும். பிறகு நான் எழுந்து, அது எப்படி வந்தது என்று காட்ட வேண்டும்.

முறை மிகப் பழையது. ஒரு கரிக்கட்டையைக் குடைந்து, உள்ளே தங்கத்தை வைத்து, மெழுகால் அடைத்து மேலே கரித்தூள் பூசிவிட வேண்டும். இடுக்கியால் அதைக் குகையின் வாயில் வைத்தால் மெழுகு உருகும், கரி எரியும், தங்கம் உள்ளே இறங்கும். மற்றதெல்லாம் புகையாகப் போனபின் அடியில் எஞ்சுவது நான் வைத்தது மட்டும்.

தங்கத்துக்கு எங்கே போவது என்பதுதான் அடுத்த கேள்வி. என் மனைவியின் நகையைத் தொட எனக்கு மனம் வரவில்லை, அது தப்பு. அக்காவின் பீரோவில் இருந்து ஒரு வளையலை எடுத்தேன். அதை நீங்கள் திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். உருகி வந்த தங்கத்தைப் பாவா விற்கவில்லை. ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பூஜை அலமாரியில் வைத்துக் கும்பிட்டார். அந்த வீட்டுத் தங்கம் பீரோவில் இருந்து அலமாரிக்குப் போனது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

முதல்முறை குகையைக் கவிழ்த்தபோது பாவா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். “நீ பக்கத்துல நின்னதாலதான்டா வந்துச்சு. படிச்சவன் கை பட்டா தனி” என்றார். அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஒரே ஒரு முடிவை வைத்து எதையும் அறிவிப்பது அறிவியல் ஆகாது. மறுபடியும் வர வேண்டும். மறுபடியும் வந்தது. ஒரு மோதிரம், அப்புறம் ஒரு சங்கிலி, அப்புறம் இன்னொரு வளையல்.

பெரிய உலை கட்டுவதற்காகப் பாவா மாந்தோப்பில் பாதியை விற்றார். அந்த முடிவில் எனக்குப் பங்கில்லை. பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டேன்.

அக்கா நகைகளைத் தேட ஆரம்பித்தாள். அரிசி டிரம்மைக் கவிழ்த்தாள், மெத்தையைப் பிரித்தாள். பீரோ சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கும். மதியம் தூங்கும்போது மட்டும் தலையணைக்கடியில் வைப்பாள். வேலைக்கு வருகிற வசந்தியைச் சந்தேகப்படலாம் என்று யாரோ சொன்னபோது நான்தான் தடுத்தேன். ஒரு ஏழைப் பெண் மேல் பழி போடுவது எனக்குப் பிடிக்காது. அதனால், “அக்காவுக்குத்தான் இப்போ கொஞ்சம் ஞாபக மறதி” என்று சொன்னேன்.

அவளைச் சென்னைக்கு ரயிலில் கூட்டிப் போனதும் நான்தான். மருத்துவர் சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். கணக்கும் சரியாகப் போட்டாள். “பரீட்சைன்னா அவள் தயாராகிவிடுவாள், டாக்டர், வீட்டில்தான் கஷ்டம்” என்று நான் விளக்கினேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் மதியத்தில் நன்றாகத் தூக்கம் வரும். சோதனைக்கு அது வசதியாக இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை.

திரும்பி வரும்போது அரக்கோணம் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன்ன மறந்துட்டா என்னாண்ட சொல்வியாடா?” என்று கேட்டாள். ஆங், சொல்றேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் நகையைத் தொலைத்ததற்காகப் பாவாவிடம் மன்னிப்புக் கேட்டாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

ஆடிக் கிருத்திகைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில் பொதுமக்கள் முன்னால் செய்து காட்டப் பாவா ஏற்பாடு செய்தார். மண்டபம் நிறைந்துவிட்டது. மலைக்கு வந்தவர்களும் மின்விசிறிக்காக உள்ளே வந்திருந்தார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள் வரிசை வரிசையாக. அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

என் திட்டம் மிக நேர்மையானது. என் பையில் இரண்டு கரிக்கட்டைகள். ஒன்று வெறும் கரி. மற்றதில், அவசரத்தில் முழுசாக அடைத்த ஒரு தோடு. வெறும் கரியை வைக்க வேண்டும், ஒன்றும் வராது, பிறகு மற்றதை உடைத்துக் காட்டி இத்தனை நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தோடு இருந்ததைத்தான் வைத்தேன். ஏன் என்று கேட்பீர்கள். மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்தது, மேடம். எல்லாருடைய கண்ணும் என் கையில் இருந்த இடுக்கியில் இருந்தது. என் வகுப்பில் ஒருநாளும் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை.

பாவா குகையைக் கவிழ்த்தார். தங்க உருண்டை விழுந்தது. அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு கல். கெம்பு உலைச்சூட்டில் உருகாது. எந்த வேதியியல் ஆசிரியனும் யோசித்திருக்க வேண்டியது. நான் யோசிக்கவில்லை.

பாவா அதைத் தூக்கிப் பிடித்தார். “பாருங்க! தங்கத்தோட கெம்பும் பொறந்துகினு வருது!”

கைதட்டல் ஓயவில்லை. அக்கா எழுந்து மேடைக்கு வந்தாள். உருண்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க, இது என் தோடு. இந்தக் கல்லு ஓரம் ஒடஞ்சது எனக்குத் தெரியும். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.” அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் இரண்டு தடவை சொன்னாள். பிறகு பாவாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். “டாக்டராண்ட இன்னாடா சொன்ன நீ?”

இடுப்புப் பையில் இருந்து மாத்திரை அட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். “இந்தா, இத நீ முழுங்கு” என்று சொல்லிவிட்டு, உருண்டையோடு இறங்கி நேராக உங்களிடம் வந்தாள்.

நான் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். கரி, மெழுகு, வளையல், எல்லாம். யாரும் கைதட்டவில்லை. பாவா என் தோளில் கை போட்டார். கை கொஞ்ச நாளாகவே நடுங்குகிறது.

“பொறாமைல பேசறான்ங்க. படிச்சவங்களுக்கு இது தாங்காது. உடு மச்சான், நான் கோவிச்சிக்கல.”

ஆக, அதுவும் அவரைத் தொடவில்லை. இரசவாதம் அறிவியல் அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய நிரூபணம் வேண்டுமா?

எழுதிக்கொள்ளுங்கள். நகையை எடுத்தது நான். கரியில் வைத்தது நான். நல்ல நினைவோடு இருந்த என் அக்காவை நினைவு கெட்டவள் என்று அவளையே நம்ப வைத்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த உருண்டை உங்களிடம்தானே இருக்கிறது? தோட்டைக் கரியில் அடைக்கும் முன் எடை போட்டிருந்தேன். மண்டபத்தில், அக்கா மேடைக்கு வருவதற்கு முன், உருண்டையையும் எடை போட்டார்கள். கொஞ்சம் கூடியிருந்தது. அந்தத் தராசு பழசு, கரி ஒட்டியிருக்கலாம், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் கடைத்தெருவுக்கு ஒரு காவலரை அனுப்பி நல்ல தராசில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம்பிக்கையெல்லாம் இல்லை, மேடம். நிஜமாகவே கூடியிருந்தால், பாவாவிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் சொல்லுங்கள்.