கண்ணாடிக் கடை போர்டு

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒருவர், "என் கடை போர்டைப் பார்த்தா எனக்கே தலை சுத்துது பாய்!" என்று கத்திக்கொண்டிருந்தார். தென்னூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாராம். பக்கத்தில் இருந்த பாய்தான் போர்டு எழுதியவர். நகக்கண்ணில் சிவப்பு பெயின்ட்.

"சர்க்கஸ் நோட்டீஸ் மாதிரி எழுத்து ஆடணும்னு நீங்கதானே கேட்டீங்க முதலாளி?"

"ஆடட்டும். ஒவ்வொரு எழுத்தும் ரெண்டு ரெண்டாத் தெரியுதே!"

"நிழல் கொடுத்திருக்கேங்க. படிக்கிறவன் கண்ணைக் கசக்கிட்டு நேரா உள்ளே வருவான்."

"வர்றான். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, சரியாத் தெரியுதான்னு வாசல்ல நின்னு அதே போர்டைப் படிக்கிறான். உடனே கழட்டிக் கையில கொடுத்துட்டுப் போயிடறான்!"

காவிரிப் பாலம் தாண்டும்வரை பாய் யோசித்தார்.

"கடைக்குப் பின்வாசல் இருக்கா முதலாளி?"