நெல் படம் போட்ட கதவு

அந்தமானில் திக்லிபூர் கப்பலுக்கான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற விவசாய ஸ்டோர்கீப்பர், பக்கத்திலிருந்த கடைக்கார பாயிடம் சொன்னார்:

"பூச்சி மருந்துல ரொட்டி சுட்டுட்டாங்க, பாய்."

"யா அல்லா! யாரு?"

"எங்க காலனி பெங்காலி வீட்டுல. ஸ்டோருக்குப் பெங்காலி, தெலுங்கு, ராஞ்சிப் பக்கத்து ஆளுங்கன்னு எல்லாரும் வர்றாங்க. எந்த பாஷைல எழுதினாலும் பாதிப் பேருக்குப் புரியாது. அதான் அலமாரியோட மடக்குக் கதவுல வெளிப்பக்கம் நெல்லுக்கதிர் வரஞ்சேன். விதை, உரம், மருந்துக்குத் தனித்தனிப் படம் உள்பக்கம்."

"விஷம்னு காட்ட மண்டையோடு போடலையா?"

"அதுவும் உள்பக்கந்தான். வெளிய இருந்தா அசிங்கம்னு பெரிய சாஹிப் சொல்லிட்டாரு. கதவ முழுசா விரிச்சாதான் தெரியும். அந்தம்மா பாதி திறந்து கைய விட்டு, வெள்ளைப் பொட்டலத்த அரிசி மாவுன்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"தின்னுட்டாங்களா?"

"முதல் ரொட்டி கருகிப்போச்சுன்னு கோழிக்குப் போட்டிருக்காங்க. அது அங்கயே சுருண்டு விழுந்துச்சு. இல்லன்னா குடும்பமே போயிருக்கும்."

பாய் வாயைப் பொத்திக்கொண்டார். வரிசை நகர்ந்தது, அவர் நகரவில்லை.

"இப்பவாவது மண்டையோட்ட வெளிய வரஞ்சீங்களா?"

"கதவு முழுக்கப் பெரிசா வரஞ்சேன், பாய். மழை வந்தாச்சு. விதைநெல்லு எடுக்க ஒருத்தர்கூட கிட்ட வர மாட்டேங்கிறாங்க."