ருசால்காவுக்கு நீல முக்காடு

எனக்குப் பச்சை நிறம் கைவராது, சுவாமி. நீலம் நன்றாக வரும். மன்னாரில் சுரூபங்களுக்கு வர்ணம் பூசிய காலத்திலிருந்தே அப்படித்தான். பாவத்தைச் சொல்ல வந்த பாவசங்கீர்த்தனத்தில் இதெல்லாம் எதற்கு என்பீர்கள். பொறுத்துக் கேளுங்கள்.

இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தபின், சென்ட் லோரன்டில் யானுஷ் என்ற போலந்துக் கிழவரைப் பகலில் பராமரித்தேன். ஓவியர். சில நாள் தன் பெயரே நினைவு வராது. சுவரில் தொங்கிய, தான் வரைந்த ஒரு படத்தைக் கண்டால் மட்டும் முகம் மலரும். காட்டுக்குள் பச்சைக் கூந்தலோடு, உடுப்பில்லாமல் ஒரு பெண். பக்கத்தில் கொம்பும் ஆட்டுக் காலுமாக ஒருவன். அவள் ருசால்காவாம். போலந்துக் கவிதைகளில் வந்து, அகப்பட்ட ஆண்களைக் கிச்சுக்கிச்சு மூட்டியே கொல்லுபவளாம். முகம் மட்டும் இறந்துபோன மனைவி ஹலினாவுடையது. ஹலினாவுக்கு வேறு படமே இல்லை. தினமும் காலையில் அவளுக்கு “போன்ஜூர்” சொல்வார்.

சூப் கொண்டுவந்த என் மனைவி மாக்கிரட் படத்தைக் கண்டு சிலுவை போட்டாள்.

“இஞ்சருங்கோ, இது பசாசெல்லோ?”

“இல்லையப்பா, காட்டுத் தேவதை. முகம் அவற்ர மனுசியின்ர.”

“அப்ப பக்கத்தில கொம்போட நிக்கிறது ஆர், மச்சானோ?”

நானும் சிரித்தேன். ஆனால் அமலோற்பவ மாதா திருநாளுக்கு ஒரு படம் கீறித் தருவதாக உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நீங்களும் பூசையில் என் பெயரை அறிவித்துவிட்டீர்கள். எனக்குப் பூசத்தான் தெரியும், கீறத் தெரியாது. இங்கோ பெண், மரம், வெளிச்சம் எல்லாம் தயார். பசாசை விரட்டிய புண்ணியமும் சேரும்.

கிழவர் மதியம் உறங்கும்போது அந்தப் படத்தின் மேலேயே வேலை செய்தேன். கூந்தலிலிருந்து கால்வரை நீல முக்காடு. கொம்பனுக்குத் தாடியும் நீண்ட அங்கியும் போட்டதில் சூசையப்பர் வந்துவிட்டார். ஹலினாவின் மூக்கு மாதாவுக்குச் சற்று நீளம்; குறைத்தேன்.

முடித்த மறுநாள் கிழவர் படத்தின் முன் வந்து நின்றார். போன்ஜூர் சொல்லவில்லை. அவள் எங்கே என்று கேட்டார். நூறு தரம் கேட்டார். காட்டுக்குப் போய்விட்டாள் என்று பகிடி விட்டேன்.

திருநாளன்று காலை, படத்தை எடுக்கக் கோயில் ஆட்கள் வரும் நேரம். கிழவர் மேலங்கியை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டு, சப்பாத்துகளைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு, அவளைத் தேடிப் போகக் கதவடியில் நின்றார். அவர்கள் ஊர்க் காட்டில் ஆட்களை வழிமாற்றும் ஆவி ஒன்று இருக்கிறதாம். இப்படி உடுத்திப் போனால் அதை ஏமாற்றி வீடு திரும்பலாமாம். வெளியே மைனஸ் பதினெட்டு. வந்தவர்களிடமும் அவள் எங்கே என்று கேட்டால் என் மானம் என்னாவது?

நான் கழிப்பறையில் இருந்தபோது அவராகவே போய்விட்டார் என்று பொலிசுக்குச் சொன்னேன். கதவைத் திறந்துவிட்டது நான். அவர் “மெர்சி” என்று நன்றி சொன்னார். இரண்டாம் நாள் மரங்களுக்குள் உடலைக் கண்டெடுத்தார்கள். அதற்குள் படத்தை நீங்கள் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டீர்கள்.

வேறு ஆளென்றால் அப்படியே போக விட்டிருப்பான், சுவாமி. நான் குளிர்படும் என்று கழுத்துப் பொத்தான்வரை பூட்டித்தான் அனுப்பினேன்.